நாற்காலி ஒன்று, உள்ளடக்கத்துடன்

“வெஸ்ஸல்! கார்டு நம்பரைப் போட்டியா இல்லையா?”

“போட்டேம்மா. ஏத்துக்க மாட்டேங்குது.”

“சரியாப் போட்டியா?”

“சரியாப் போட்டாலும் ஏத்துக்கல. தப்பாப் போட்டாலும் ஏத்துக்கல.”

“அப்ப நம்பர்ல ஒண்ணும் இல்ல. உன்னையத்தான் அதுக்குப் பிடிக்கல.”

மேலேயிருந்து கத்தியவர் கெசினா அம்மாள். கீழே கணினியைக் கட்டிக்கொண்டு அழுதவன் அவருடைய மருமகன். எங்கள் டச்சு ஊர் லைடனில் கால்வாய்த் தெரு வீடுகள் குறுகலானவை. படிக்கட்டுகள் ஏணிக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். எண்பதைத் தாண்டிய கெசினா அம்மாள் அந்தப் படிகளில் ஏறி இறங்குவது சுவரோரத் தண்டவாளத்தில் ஊர்ந்துபோகும் மோட்டார் நாற்காலியில்தான். செப்டம்பர் நடுவில் ஒருநாள் அந்த நாற்காலி அவரை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஒரு முனகலோடு உயிரை விட்டது. உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. காபிக்குத் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட் அளவுதான் இருக்கும்.

நாற்காலி செய்த கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. அந்தச் சக்கரம் உலகத்தில் மிச்சமிருந்தது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்து ஒரு கடையில் மட்டும். விலை ஒன்றும் பெரிதில்லை. காசு வெஸ்ஸலிடம் இருந்தது, சக்கரம் கடைக்காரரிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வங்கி இருந்தது.

வெஸ்ஸலுக்கு நகராட்சியில் பாலம் திறக்கும் வேலை. படகு வந்து மணி அடித்தால் பொத்தானை அழுத்துவான், பாலம் எழும்பும், படகு போகும். படகு யாருடையது, எங்கே போகிறது, போய் என்ன செய்யப்போகிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு உலக வாணிபம் எப்படிப் புரியும்?

எங்கள் வங்கி அட்டையைப் பற்றி நாங்கள் பெருமையாகத்தான் இருந்தோம். சந்தையில் சீஸ் விற்பவன் முதல் தேவாலயத்து உண்டியல் வரை அதைத் தேய்த்தால் போதும். ஆனால் ஒஹாயோ கடை அட்டையின் முகத்தில் இருக்கும் பதினாறு இலக்கத்தைக் கேட்டது. எங்கள் அட்டையின் முகத்தில் இருப்பது கணக்கு எண். அதில் இலக்கத்தோடு எழுத்தும் கலந்திருக்கும். வெஸ்ஸல் யோசித்தான். எழுத்துகளை உருவிப் போட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் எண்ணினான். நாலு குறைந்தது. ஒழுங்கான டச்சுக்காரன் காலியிடத்தைக் காலியாக விடுவானா? தன் பிறந்த ஆண்டைப் போட்டு நிரப்பினான்.

கடை மறுத்தது. வங்கிக்கு ஒரு சந்தேகம் பிறந்தது.

வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசினான். இனிமையான குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

“உங்க கார்டு உலகம் பூரா செல்லும் சார்.”

“செல்லலையேம்மா.”

“செல்லும் சார். நீங்க ஒஹாயோவுக்கு நேர்ல போயி மெஷின்ல சொருகினா செல்லும்.”

“ஒரு சின்னப் பல்சக்கரத்துக்கு நான் விமானம் ஏறணுமா?”

“விமான டிக்கெட் நம்ம நாட்டுக் கம்பெனியில எடுத்தீங்கன்னா அதுக்கும் செல்லும் சார்.” குரல் சற்று இறங்கியது. “ஒரு விஷயம். உங்க கார்டு இப்ப ஐரோப்பாவுல இருக்கு. அமெரிக்காவுக்கு மாத்தி வைக்கட்டுமா?”

“மாத்துங்க.”

மாற்றினாள். மறுநாள் காலை ரொட்டிக் கடையில் வெஸ்ஸலின் அட்டையை இயந்திரம் துப்பியது. கடைக்காரி கழுத்தை நீட்டித் திரையைப் படித்தாள்.

“உங்க கார்டு அமெரிக்கா போயிருக்காம்.”

“நான் இங்கதானே நிக்கிறேன்.”

“அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு,” என்று சொல்லி அவள் ரொட்டியைப் பின்னால் எடுத்து வைத்துக்கொண்டாள். பல வருஷமாக அவனுக்கு ரொட்டி விற்றவள்.

வெறுங்கையோடு வந்தவனை மாடியிலிருந்து குரல் பிடித்தது.

“மாப்ளே! இன்னிக்கித் தேதி என்ன?”

அந்தக் கேள்வியின் பொருள் வெஸ்ஸலுக்குத் தெரியும். அக்டோபர் மூன்று நெருங்கிக்கொண்டிருந்தது. லைடன்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: ஒரு காலத்தில் ஸ்பானியப் படை ஊரைச் சூழ்ந்து நின்று எங்களைப் பட்டினி போட்டது. அது ஓடிப்போன நாளில் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் ஊருக்குள் வந்தன. இன்றும் அந்தக் காலையில் பழைய எடைக்கூடத்தில் ஊர்க்காரர்களுக்கு மீனும் ரொட்டியும் கொடுப்பார்கள். முன்கூட்டிச் சீட்டு வாங்கி, நேரில் போய் நிற்க வேண்டும். கெசினா அம்மாள் எந்த வருஷமும் தவறியதில்லை. மகள் யாந்தினெயைப் பெற்ற கையோடு தள்ளுவண்டியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர்.

“மூணாந்தேதி நான் கீழ இருக்கணும்,” என்றார். “ஸ்பானியாக்காரனே விட்டுட்டுப் போயிட்டான். உன் பேங்க்கு விடாதா?”

வெஸ்ஸல் வங்கிக் கிளைக்குப் போனான். கிளையில் காசு கையாளுவதை நிறுத்தி வெகுநாள் ஆயிற்று. கவுன்டர் கிடையாது, நாற்காலியும் கிடையாது. நின்றபடி பேச உயரமான மேஜைகளும் ஒரு பெரிய செடியும் இருந்தன. வாசலில் ‘நம்பிக்கைதான் எங்கள் மூலதனம்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு கேமரா இருந்தது.

அதிகாரியின் பெயர் ருட்கர். தலைநகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கழுத்துப்பட்டையில்லாத சட்டை, வெள்ளைக் காலணி, எதற்கும் தயாராக ஒரு புன்னகை.

“கிரெடிட் கார்டு எடுத்துக்கங்களேன்,” என்றார். “அதுல பதினாறு இலக்கமும் இருக்கும்.”

“கடன் கார்டா? என்கிட்ட காசு இருக்கே சார். எதுக்குக் கடன்?”

“இருக்கிற காசைக் கொடுக்கத்தான் சார். கையில இருக்கிற காசை நேரா வெளிநாட்டுக்குக் கொடுத்தா அது சந்தேகத்துக்கு இடம். இல்லாத காசைக் கொடுத்தா அது வாடிக்கை.” ருட்கர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “யாருக்காக வாங்கறீங்க?”

“மாமியாருக்கு.”

“யார் பணத்துல?”

“என் பணத்துல.”

ருட்கரின் விரல்கள் நின்றன. புன்னகை அங்கேயே இருந்தது, ஆனால் அதை வைத்திருந்த ஆள் உள்ளே போய்விட்டார்.

“மருமகன், மாமியாருக்கு, சொந்தப் பணத்துல,” என்று மெதுவாகத் தட்டச்சு செய்தார். “அவங்க கேட்டாங்களா, நீங்களாவா?”

“கேட்டாங்க. தெனம் கேக்கறாங்க. சத்தமா.”

“வற்புறுத்தல்,” என்று தட்டினார். “தப்பா நெனைக்காதீங்க சார். நாங்க உங்களைச் சந்தேகப்படல. எங்க கணினி சந்தேகப்படுது, நாங்க அதை மதிக்கிறோம். ஒண்ணு அவங்க உங்களை மிரட்டறாங்க, இல்ல நீங்க அவங்களை ஏமாத்தறீங்க. அன்பா வாங்கிக் கொடுக்கறதுக்கு இங்க கட்டம் இல்ல. இதுக்கு முன்னாடி பிறந்த வருஷத்தைக் கார்டு நம்பரா வேற காட்டியிருக்கீங்க.”

“காலியா இருந்துச்சு சார்.”

“காலியிடத்தை நிரப்பற ஆளுங்களைத்தான் நாங்க தேடிக்கிட்டிருக்கோம்.” புன்னகைக்குள் ஆள் திரும்பி வந்தார். “பயப்படாதீங்க. பயனாளி நேர்ல வந்து, எந்த மிரட்டலும் இல்லைன்னு என் முன்னாடி சொன்னா, கார்டு அன்னிக்கே உங்க போன்ல வந்துரும்.”

“சார், அவங்களால கீழ இறங்க முடியல. அதுக்குத்தான் அந்தச் சக்கரம்.”

“புரியுது சார். இறங்க முடியலைங்கறதை விண்ணப்பத்துலயே எழுதிடுங்க. அனுதாபமாப் பாப்போம். ஆனா இறங்கி வரணும்.”

வீட்டில் இதைக் கேட்ட அவன் மனைவி யாந்தினெ தெருவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். எங்கள் வீடுகள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு கட்டையும் கொக்கியும் துருத்திக்கொண்டிருக்கும். அலமாரியும் பியானோவும் இந்தப் படிக்கட்டில் ஏறாது. கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றி இறக்குவோம்.

“அம்மா! ஜன்னல் வழியா வர்றியா?”

“கேக்க இத்தனை நாளா?” என்றது மாடி.

சாமான் இறக்கும் டூன் கயிறும் கப்பியுமாக அக்டோபர் இரண்டாம் தேதி மதியம் வந்தான். கெசினா அம்மாள் தொப்பி வைத்து, கைப்பையை மடியில் பிடித்து, பச்சை வெல்வெட் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். டூன் தலையைச் சொறிந்தான்.

“மனுஷங்களை எறக்க எனக்கு அனுமதி இல்லம்மா. இன்சூரன்ஸ் நாற்காலிக்கு மட்டுந்தான்.”

“நாற்காலியைத்தானே எறக்கச் சொல்றேன்?”

“அதுல நீங்க இருக்கீங்களே.”

“அலமாரி எறக்கறப்ப உள்ள என்ன இருக்குன்னு தொறந்து பாப்பியா?”

டூன் நியாயஸ்தன். ரசீதில் ‘நாற்காலி ஒன்று, உள்ளடக்கத்துடன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டான். உள்ளடக்கமே கையெழுத்துப் போட்டது. பிறகு அவர் ஜன்னலைக் கடந்து, கால்வாய்க்கு மேலே ஒரு கணம் ஆடி, அந்தரத்திலிருந்தபடியே எதிர்வீட்டுத் திரைச்சீலை துவைக்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தார். டூன் நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, வெஸ்ஸலும் கூட வர, கிளை மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வங்கி வாசலுக்கு உள்ளே இறக்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினான்.

ருட்கர் செடியின் பின்னாலிருந்து வந்தார்.

“நீங்கதான் பயனாளியா?”

“நான் கெசினா. என்னை யாரும் மிரட்டல. நான்தான் மிரட்டறேன். கார்டைக் கொடுங்க.”

ருட்கர் விண்ணப்பத்தைப் பார்த்தார். அம்மாளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

“எப்படி வந்தீங்க?”

“சாமானா.”

“அம்மா, இங்க ஒரு முரண்பாடு இருக்கு,” என்று ருட்கர் வருத்தமான குரலில் ஆரம்பித்தார். “‘இந்தப் பொருள் இல்லாமல் பயனாளி கீழே இறங்க இயலாது’ன்னு உங்க மருமகன் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க இறங்கியிருக்கீங்க. வராம இருந்திருந்தீங்கன்னா, வரலைங்கற ஒரே காரணத்துக்காக மறுத்திருப்பேன். இப்ப வந்திருக்கீங்க. நீங்க வந்திருக்கறதே அந்தச் சக்கரம் உங்களுக்குத் தேவையில்லைங்கறதுக்கு ஆதாரம். தேவையில்லாத பொருளை வெளிநாட்டுல இவ்வளவு பிடிவாதமா ஏன் வாங்கறீங்க? என் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சிட்டேன். எறங்கிட்டேன், சரி. திரும்ப ஏறணுமே?”

“ஏறறது இந்த விண்ணப்பத்துல இல்லம்மா. அதுக்குப் புது விண்ணப்பம். அதைக் கொடுக்கறப்ப நீங்க மேல இருக்கணும்.”

வெஸ்ஸல் வாயைத் திறந்தான். கெசினா அம்மாள் கையை உயர்த்தினார்.

“நீ போய் டூனைக் கூட்டிட்டு வா. அவசரமில்ல. நான் நாற்காலியோட வந்திருக்கேன்.”

வெஸ்ஸல் போனான். கெசினா அம்மாள் கைப்பையிலிருந்து பின்னல் வேலையை எடுத்தார். ருட்கர் விளக்குகளில் பாதியை அணைத்துப் பார்த்தார். ஊசிகள் நிற்கவில்லை. நாற்காலியைத் தள்ளிப் பார்த்தார். டூன் கை வைத்தால் நகரும் பொருள் அது. ருட்கர் கைக்கு அசையவில்லை. கடைசியில் தன் பணப்பையிலிருந்து தங்க நிற அட்டை ஒன்றை உருவினார்.

“அம்மா, நானே வாங்கித் தந்துடறேன். நீங்க கிளம்புங்க. என்னோடதுல பதினாறு இலக்கமும் இருக்கு.”

“அப்படியா? போட்டுக் காட்டுங்க.”

ருட்கர் ஒஹாயோ கடையைத் திறந்து, இலக்கங்களை ஒவ்வொன்றாக, பியானோ வாசிப்பவர் மாதிரி தட்டினார். திரை யோசித்தது. மேஜைமேல் அவருடைய தொலைபேசி அடித்தது. அவர் வேலை பார்க்கும் இதே வங்கிதான். சத்தமாகவே கேட்டது.

“திரு. ருட்கர், உங்கள் அட்டையில் வழக்கமற்ற நடத்தை தெரிகிறது. நீங்கள் யாருக்காக வாங்குகிறீர்கள்?”

“ஒரு… வயசான அம்மாவுக்கு.”

“உறவா?”

“இல்லை.”

“அவர் இப்போது உங்கள் பக்கத்தில் இருக்கிறாரா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.”

“ஆமா. ஆனா…”

“ஆம், இல்லை மட்டும். வாங்கித் தரும்வரை போகமாட்டேன் என்கிறாரா?”

ருட்கர் ஊசிகளைப் பார்த்தார். “ஆமா.”

“உங்களால் வெளியே போக முடிகிறதா?”

பச்சை வெல்வெட் நாற்காலி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ருட்கர் பொய் சொல்லப் பழகாதவர்.

“இப்போதைக்கு இல்லை.”

“புரிந்தது. பதற்றப்படாதீர்கள். உங்கள் பாதுகாப்புக்காக அட்டையை முடக்கிவிட்டோம். கிளையையும் பூட்டிவிட்டோம்.”

கதவு அழகாக ஒரு சத்தம் போட்டது.

“நான் உள்ளே இருக்கேன்! நான் இந்த பேங்க்கோட அதிகாரி!”

“அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள் சார். உங்கள் அடையாளம் முடக்கத்தில் இருக்கிறது. அதை எடுக்க அருகிலுள்ள கிளைக்கு நேரில் வாருங்கள்.”

“கிளையிலதானே நிக்கிறேன்!”

“கிளை மூடியிருக்கிறது சார். நாளை லைடனில் விடுமுறை. நாலாம் தேதி திறக்கும். வாழ்த்துகள்.”

பிறகு தொலைபேசியில் காத்திருப்பு இசை வந்தது. அந்த இசையைத் தேர்ந்தெடுத்த குழுவில் ருட்கரும் இருந்தார்.

“அவசர வழின்னு ஒண்ணு எழுதியிருக்கே,” என்றார் கெசினா அம்மாள்.

“அது அவசரத்துக்கு மட்டும்தாம்மா. இது அவசரமா இல்லையான்னு ஒரு பிரிவு முடிவு பண்ணணும். அவங்களும் லீவு.”

வெஸ்ஸல் டூனோடு திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார் பின்னிக்கொண்டிருந்தார். அதிகாரி நூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். காவல் நிலையத்துக்குப் பேசினான். திருவிழாக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்த காவலர் கேட்டார்:

“உயிருக்கு ஆபத்து உண்டா?”

“மாமியாருக்கு இல்ல சார்.”

“அப்ப காலையில பாப்போம்.”

காலையில் ஊரே தெருவில் இருந்தது. மேளக்காரர்கள் போனார்கள், குழந்தைகள் போனார்கள், எல்லார் கையிலும் மீனும் ரொட்டியும். வெஸ்ஸல் கெசினா அம்மாளின் சீட்டோடு எடைக்கூடத்து வரிசையில் நின்றான். மேஜைக்குப் பின்னால் ரப்பர் மேலங்கி போட்ட ஒரு பெரியவர்.

“சீட்டு அம்மா பேர்ல இருக்கு. அவங்க எங்க?”

 பதில் சொல்லியே பழகிப்போன வெஸ்ஸல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். பல்சக்கரம், பிறந்த ஆண்டு, ஒஹாயோ, ரொட்டிக் கடை, நாற்காலி, பூட்டு. அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். திருமணச் சான்றிதழையும் கொண்டுவந்திருந்தான்.

பெரியவர் எதையும் வாங்கவில்லை.

“உள்ள எத்தனை பேரு?”

“அவங்களும் பேங்க் அதிகாரியும்.”

“அதிகாரி நம்மூரா?”

“இல்லீங்க. தலைநகரம்.”

“இருக்கட்டும். அவனுக்கும் பசிக்குமில்ல.” இரண்டு பேர் பங்கைக் காகிதத்தில் சுற்றினார். “முற்றுகையில மாட்டினவங்களைப் போயி நேர்ல வந்தாத்தான் மீனுன்னா, அப்புறம் இந்த நாளை எதுக்குய்யா கொண்டாடறோம்? போ, போ. பின்னாடி ஆளு நிக்குது.”

வங்கிக் கதவில் தாள்கள் போட ஒரு துவாரம் இருந்தது. வெஸ்ஸல் முதலில் ஹெர்ரிங் மீன்களை வாலைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டான். கேமரா அதைப் பதிவுசெய்தது. ரொட்டியை அமுக்கித்தான் நுழைக்க வேண்டியிருந்தது. கெசினா அம்மாள் எல்லாவற்றையும் மடியில், பச்சை வெல்வெட்டின்மேல் விரித்துவைத்தார். முதல் மீனை அண்ணாந்து ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்த வருஷமும் தப்பல,” என்றார்.

ருட்கர் எச்சில் விழுங்கினார். நேற்று மதியத்திலிருந்து அவர் சாப்பிட்டது இயந்திரத்துக் காபி மட்டும். காலணியில் நூல் ஒட்டியிருந்தது. மெல்லக் கையை நீட்டினார்.

கெசினா அம்மாள் இரண்டாவது மீனைக் காகிதத்தால் மூடினார்.

“ஒரு நிமிஷம். மீன் யாருக்காக?”

“எனக்குத்தாம்மா.”

“இதுக்கு முன்னாடி மூணாந்தேதி லைடன்ல மீன் வாங்கியிருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“வழக்கமற்ற நடத்தை,” என்றார் கெசினா அம்மாள், யாருக்கோ தட்டச்சு செய்யச் சொல்வது மாதிரி. “யாராவது மிரட்டி வாங்கச் சொன்னாங்களா?”

“பசிம்மா.”

“பசிக்கு இங்க கட்டம் இல்லையே. நேர்லதான் வந்திருக்கீங்களா?”

“நேர்லதாம்மா இருக்கேன்,” என்றார் ருட்கர்.  கண்ணாடிக்கு வெளியே வெஸ்ஸல் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே பாவமாக இருந்தது.

கெசினா அம்மாள் அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பிரித்தார்.

“சரி, வாலைப் பிடிச்சுத் தூக்குங்க. ரொட்டி நாலாந்தேதி.”